நல்ல காரியத்துக்குப் போகாத கார்

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் இந்தப் பக்கம் ஒரு லாரிப் பட்டறை, அந்தப் பக்கம் ஒரு லாரிப் பட்டறை. ஆனால் அத்தனை பேரும் டீசல்காரர்கள். நானும் அப்படித்தான். டீசல் இஞ்சினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. எவனாவது பெட்ரோல் கார் கொண்டுவந்து நிறுத்தினால் சேலத்துக்குப் போகச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மாட்டு வைத்தியரிடம் போய் யாராவது பல்லைக் காட்டுவார்களா?

என் கெட்ட நேரம், என் அக்கா புருஷனே ஒரு பெட்ரோல் கார் வாங்கினார்.

அவர் பெயர் மருதாசலம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்குத் தோட்டம். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுவார். வரப்புத் தகராறு என்று பக்கத்துக் காட்டுக்காரன் குரலை உயர்த்தினால், 'சரி, நீயே வெச்சுக்கப்பா' என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிற ஆள். என் அக்கா சௌந்திரம் அப்படியில்லை. அவள் போய் அந்த வரப்பை மீட்டுக்கொண்டு வருவாள். இரண்டு பேருக்கும் ஒரே மகள், ராசம்மாள். ஆட்டையாம்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். மகளைப் பண்டிகைக்கு பஸ்ஸில் நசுங்க விடாமல் காரில் உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டும் என்பது மச்சானுக்கு ஆசை. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒன்றுதான். எமர்ஜென்சி முடிந்த வருஷம், சேலத்தில் ரிட்டயர் ஆன ஒரு ஆபீசரிடமிருந்து கறுப்பு அம்பாசடர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கார் பழையது. ராசம்மாளைவிட அதற்கு வயது அதிகம் இருக்கும்.

அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். "ஏனுங் மச்சான், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா டீசல் வண்டி பார்த்திருக்கலாமில்லீங்களா?" என்றேன். "சத்தம் போடாது பாரு மாப்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மைதான், நன்றாக இருக்கும்போது அது சத்தம் போடாது.

முதல் தடவை அது நின்றது திருச்செங்கோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது. டேங்கில் தூசி, வழியில் ஒருவன் குழாயை ஊதிவிட்டு அனுப்பினான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அவள் அண்டை அசலில் யாருக்கும் தாழ்ந்து போகாதவள். அதற்குப் பிறகுதான் மிஸ்ஸிங் வந்தது.

மிஸ்ஸிங் என்றால் நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் இடறுவது. வண்டி குலுங்கும், புகைக்குழாயில் டப்பென்று ஒரு சத்தம் வரும். இன்னொரு சிலிண்டரும் சேர்ந்துகொண்டால் நின்றே போகும். எப்போதும் இடறுகிற வண்டியைச் சரி பண்ணிவிடலாம். எப்போதாவது இடறுகிற வண்டிதான் மனுஷனைக் கொல்லும். அதிலும் இந்தக் கார் இடறியதில் ஒரு முறை இருந்தது. உரமூட்டை ஏற்றப் போனால் குதிரை மாதிரி ஓடும். ராசிபுரம் மண்டிக்கு, கரண்ட் ஆபீசுக்கு, ஏன், சும்மா டீ குடிக்கப் போனால்கூட ஓடும். நிச்சயதார்த்தம், சீர், கோயில், குழந்தை பார்க்கப் போவது என்று கிளம்பினால் பாதி வழியில் நிற்கும். ஊரில் இதை ஒரு வேடிக்கையாக்கிவிட்டார்கள். "கவுண்டரே, பட்டு வேட்டியக் கட்டிட்டுப் போனாத்தானே நிக்குது? கோவணத்தோட போய்ப் பாருங்க" என்பான் டீக்கடைக்காரன். மச்சான் சிரித்துவிட்டு டீ குடிப்பார். மனதுக்குள் அவருக்கு அது எவ்வளவு உறைத்தது என்று எனக்குத்தான் தெரியும். வேட்டி கசங்காமல் உட்கார்ந்து போக வாங்கிய காரை, வழியில் போகிறவர்களைக் கும்பிட்டுத் தள்ளச் சொல்லி, அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளியபடிதான் பல விசேஷங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ராசம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் இது வேடிக்கை இல்லை என்று ஆனது.

காலையில் வலி கண்டதும் சேலத்துக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் அக்கா மடியில் ராசம்மாள். ராசிபுரம் தாண்டியதும் வண்டி இடற ஆரம்பித்தது. ஆண்டகளூர் கேட் வருவதற்குள் நின்றுவிட்டது. மச்சான் பானட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வந்த பஸ்ஸெல்லாம் நிற்காமல் போனது. கடைசியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்காரன் பார்த்துவிட்டு நிறுத்தி, டிரைவர் பக்கத்து சீட்டில் பெண்ணைத் தூக்கி வைத்துக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை, செத்துப் பிறந்தது. கொடி சுற்றியிருந்ததாம். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றாராம். அவர் அதை மறந்திருப்பார். இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

எனக்கு ஆள் வந்து சொல்லி, சாமான் பெட்டியோடு நான் அந்தக் கார் நின்ற இடத்துக்குப் போனபோது உச்சி வெயில். கதவு திறந்தபடி கிடந்தது. பின் சீட்டில் ஒரு துணிப்பை. உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் கிளம்பி, சத்தமே இல்லாமல், தையல் மிஷின் போல ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி டயரை உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு என்னென்ன செய்தோம் என்று சொன்னால் பெட்ரோல்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாததால் சேலம் அம்மாபேட்டையிலிருந்து உபகாரசாமி என்பவரைக் கூட்டி வந்தேன். சர்ச் பாதர் காரை அவர்தான் பார்ப்பார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க்கறை படாமல் வேலை செய்கிற மனுஷன், அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். பிளக், பாயிண்ட், காயில், ஒயர் எல்லாம் மாற்றினார். மல்லூர் மேடு வரை ஏற்றி இறக்கினார். ஒரு இடறல் இல்லை. "வண்டி சுத்தமா இருக்குதுங்க. நான் போட்டதுக்கு முன்னாடியும் சுத்தமாத்தான் இருந்திருக்கும்னு தோணுது," என்றார். போகும்போது என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "நின்னா, நின்ன உடனே திறந்து பாருங்க. நீங்க ஆள் கூட்டிட்டு வர்ற வரைக்கும் அது நின்ன காரணத்தோட காத்துக்கிட்டு இருக்காது."

அடுத்த விசேஷத்துக்குக் கார் நின்றது, நான் உடன் இல்லை. பின்னே நிற்காமலா இருக்கும்.

காரைத் தலை முழுகிவிடலாம் என்று நான் சொன்னேன். மச்சானுக்கும் கிட்டத்தட்ட அந்த எண்ணம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டதை மனுஷர்கள் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் வைத்துக்கொள், சிவப்பு வந்தால் விற்றுவிடு. வெள்ளை வந்தது. பூசாரி சாமியாடி, "கைக்கு வந்ததக் கழிக்காதே" என்றார். மச்சான் கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். திரும்பும்போது உரமூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம், வண்டி அருமையாக ஓடியது.

மறு வருஷம் ராசம்மாள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆட்டையாம்பட்டியில் மாப்பிள்ளையின் தாயார் முகத்துக்கு நேராகவே, "இந்த வாட்டி பிரசவம் எங்கூட்டுலயே ஆகட்டுமுங்க. உங்க காரை நம்பி அனுப்ப முடியாதுங்க," என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. சண்டை போட்டு, மகளை அழைத்து வர ஒப்புக்கொள்ள வைத்தாள். மச்சான் அந்த அம்மாளிடம், "கார நான் சரி பண்ணிருவேனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எதை வைத்துச் சரி பண்ணுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் லாரிக்கு அடியில் படுத்திருப்பேன். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். இருட்டியதும் எழுந்து, "வாரேன் மாப்ள" என்று போய்விடுவார்.

மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் பேச நானும் அவரும் மட்டும் ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்பினோம். நல்ல காரியம் அல்லவா, ஏரிக்கரை ஏறியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. டப்பென்று ஒரு சத்தம். நின்றது.

உபகாரசாமி சொன்னது நினைவுக்கு வந்து உடனே குதித்து பானட்டைத் தூக்கினேன். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று பக்கவாட்டில் இருக்கும். அதன் மூடியைச் சூட்டோடு கழற்றினேன். உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. விரலை விட்டுத் தடவினேன். விரல் மஞ்சளாக வந்தது.

குனிந்து பார்த்தால் ஒயரெல்லாம் ஈரம். பிளக் உட்காரும் குழியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தேங்கி, ஆவி பறந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வேப்பிலை.

"மச்சான், இதென்னுங்க?" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "உங்கக்கா மஞ்சத் தண்ணி தெளிச்சுவிட்டிருப்பா. நல்ல காரியத்துக்குப் போறமில்ல."

"பானட்டு மேலதான தெளிப்பாங்க?"

"ஆமா, மேலதான்," என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இத்தனை நாள் பட்ட பாடு, பூக் கேட்டது, பாதர் கார் மெக்கானிக், எல்லாம் ஒரு சொம்புத் தண்ணீருக்கா? இஞ்சின் சூடேறியதும் அந்தத் தண்ணி ஆவியாகி மூடிக்குள் வியர்க்கும், நனைந்த மூடியில் பொறி வழி தவறிப் போகும். சூட்டில் காய்ந்ததும் வண்டி ஒழுங்காகிவிடும். உரமூட்டைக்கு யார் மஞ்சள் தண்ணி தெளிப்பார்கள்? ஏரிக்கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால் மச்சான் ரோட்டோரத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியோடு. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ராசம்மாளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பிய காலையிலும் அக்கா தெளித்திருப்பாள்.

வண்டி காய்ந்துவிட்டது, போகலாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"மாப்ள, அவளுக்கு இது தெரியக்கூடாது," என்றார்.

"சொல்லாம எப்படீங்க மச்சான்? மறுபடி ஊத்துவாங்களே."

"சொன்னா செத்துருவா."

நான் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சொன்னேன். சூடான இஞ்சினில் தண்ணி பட்டால் வெடித்துவிடும் என்று மெக்கானிக் சொன்னதாகச் சொல்லலாம். பூசாரியிடம் சொல்லி, தண்ணி வேண்டாம் கற்பூரம் போதும் என்று சொல்ல வைக்கலாம். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். "உங்கக்காளப் பத்தித் தெரியாதா உனக்கு? தண்ணி ஊத்தாதேன்னு யாரு சொன்னாலும், எதுக்கு ஊத்தக்கூடாதுன்னு கேப்பா. ஒரு நிமிஷம் யோசிப்பா. அவ்வளவுதான், அந்தக் காலையில போய் நிப்பா." அவர் சொன்னது சரி. வரப்பை அளந்து மீட்டவள் அவள்.

நாள் பேசிவிட்டுத் திரும்பிய அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சோடு பேச்சாக அவளிடம் கேட்டிருக்கிறார். முன்பெல்லாம் பானட் மேலேதான் தெளிப்பாளாம். திருச்செங்கோட்டுக் கல்யாணத்துக்கு நின்றுபோனதிலிருந்து, கண் திருஷ்டி இஞ்சினில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றி, இவர் ரேடியேட்டருக்குத் தண்ணி விட்டுவிட்டுச் சட்டை போட உள்ளே போகும் நேரத்தில் பானட்டுக்குள்ளேயே ஊற்றி மூடிவிடுவாளாம். நிற்க நிற்க, கொஞ்சம் கூடுதலாக. "ராசுவக் கூட்டிட்டுப் போனன்னைக்கு ஒரு சொம்பு பத்தாதுன்னு ரெண்டு சொம்பு ஊத்தினனுங்க. ஆத்தா அப்பவும் கண்ணு தொறக்கல," என்று சொல்லி அழுதாளாம். மறுநாள் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னார். மஞ்சள் எங்கள் தோட்டத்து மஞ்சள் என்பதையும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பழைய டியூபை வெட்டி அந்த மூடிக்கு ஒரு சட்டை மாதிரி தைத்துக் கொடுத்தேன். பட்டறையில் தண்ணியை ஊற்றிப் பார்த்தோம். ஒரு தடவை நன்றாக ஓடியது, அடுத்த தடவை இடறியது. பிளக் குழியை எதை வைத்து அடைப்பது? இறுக்கிக் கட்டினால் சூட்டில் ரப்பர் உருகி நாறியது. பெட்ரோல் காரோடு எனக்கு ஜென்மப் பகை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். "பரவாயில்ல மாப்ள, பாத்துக்கலாம்," என்று என்னைத் தேற்றினார். எதைப் பார்த்துக்கொள்வது?

பத்தாம் மாதம் பிறந்ததும் மகளைச் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது என்று ஏற்பாடு. அதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பொழுது விடியும் நேரம். அந்த வாரம் முழுக்க என்னையும் அவர் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருந்தார், அதனால் நான் அங்கே இருந்தேன். ராசம்மாளைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அவள் வலியில் கத்தவில்லை. "அப்பா, நின்னுருமாப்பா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சான் இந்தத் தடவை சட்டை மாற்ற உள்ளே போகவில்லை. பனியனோடு காரை ஒட்டி நின்றார். அக்கா வந்தாள். கையில் சொம்பு இல்லை, குடம். குடம் நிறைய மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பங்கொத்து. உதடு முணுமுணுத்துக்கொண்டே நேராக இஞ்சின் பக்கம் வந்து பானட்டில் கை வைத்தாள்.

மச்சான் நடுவில் போய் நின்றார்.

"இஞ்சினுக்கு வேண்டாஞ் சௌந்திரம்."

"ஏனுங்க?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் யோசிக்க ஆரம்பிப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. புருவம் லேசாகச் சுருங்கியது. இன்னும் ஒரு நொடி விட்டால் அந்தப் பழைய காலைக்குப் போய்விடுவாள்.

"அதுக்கு ஊத்தி ஊத்தித்தான் பாத்தாச்சே," என்றார் மச்சான். "கெரகம் அதுல இல்ல. எம்மேலதான் இருக்குது. ஓட்டறவன் நாந்தான? எனக்கு ஊத்து."

அக்காவின் புருவம் விரிந்தது. இது அவளுக்கு விளங்குகிற காரணம். "முந்தியே சொல்லியிருக்கலாமில்லீங்க," என்றாள். அவர் குனிந்தார். குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள்.

பனியனும் வேட்டியும் மஞ்சளாக, தலைமுடியில் வேப்பிலை ஒட்டியிருக்க, அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். சீட்டெல்லாம் ஈரம். வண்டி ஒரு தடவைகூட இடறவில்லை. ஆண்டகளூர் கேட் தாண்டும்போது பின்னாலிருந்து அக்கா சத்தமாக அழ ஆரம்பித்தாள், தாண்டிவிட்டோம் என்ற சந்தோஷத்தில். மச்சான் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஏதோ கோயில் நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

இதோடு கதை முடிந்துவிட்டால் நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

அக்கா சும்மா இருக்கிறவளா? குழந்தையைப் பார்க்க வந்த ஒறம்பரை அத்தனை பேரிடமும் சொன்னாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. புருஷன் மேல் அவளுக்கு உயிர். ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள். "கார் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. கெரகம் இவிய மேலதான் இருந்திருக்குது. அவியளே சொல்லித்தான் தெரிஞ்சுது." எல்லோரும் மச்சானைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டுவார்.

காதுகுத்து விருந்தில், பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது, எதிர் வரிசையில் பெண்களிடம் அக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் குரல் தாழ்ந்தது. "மொத வாட்டியே இவிய தலையில ஊத்தியிருந்தா அந்தப் பையனும் பொழைச்சிருப்பான்." பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ராசம்மாள் நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. இலையை விட்டு எழுந்துவிட்டேன். ரசவாளியோடு வந்துகொண்டிருந்த மச்சான் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "சோறு ஆறுது, சாப்புடு மாப்ள," என்றார். சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

கார் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இப்போது எந்த விசேஷத்துக்கும் அது நிற்பதில்லை, ஊரில் யாரும் தோள் கொடுக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்னால் வாசலில் அவர் குனிந்து நிற்க வேண்டும். மார்கழியானாலும் சரி, அவருக்குச் சளிக் காய்ச்சல் இருந்தாலும் சரி. நனைந்த பிறகுதான் மற்றவர்கள் காரில் ஏறுவார்கள். அதுவரை ராசம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நிற்பாள்.

போன தைப்பூசத்துக்கு நானும் உடன் போனேன். குழந்தைக்கு இப்போது நன்றாக ஓடத் தெரிகிறது. தாத்தா என்றால் அதற்குப் பைத்தியம். அவர் சாவியோடு வாசலுக்கு வந்ததும் தாயின் கையை உதறிவிட்டு அவரிடம் ஓடியது. அவரும் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். ராசம்மாள் பாய்ந்து வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

"தொடாத சாமி. தாத்தாவுக்கு இன்னும் தண்ணி ஊத்தல."

நீட்டிய கையை மச்சான் மெல்ல மடக்கிக்கொண்டார். "ஆமாஞ் சாமி," என்றார் குழந்தையிடம். "அம்மா சொல்றதக் கேளு. சித்த தள்ளியே நில்லு."